பார்த்தது கால் மட்டும்

நான் கொண்டுபோன கடிதத்தைக் காவல் வீட்டு அம்மாள் இரண்டு முறை படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார்.

"இதில் ஐயா என்று போட்டிருக்கிறது. நீங்கள் ஐயா இல்லை" என்றார்.

உண்மைதான். என் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுகொள்ள முடியாத எங்கள் துறை அலுவலகத்தில், ஜெர்மனில் ஐயா என்று பொருள்படும் 'ஹெர்' என்று தட்டச்சு செய்துவிட்டார்கள். நிலவியலில் ஆராய்ச்சி செய்ய இந்தியாவிலிருந்து ஒருவர் வந்தால் அவர் ஆணாகத்தான் இருப்பார் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. அறுபதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்தாறு வயது. ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அளவு நாடாக்கள் வைத்த பையுமாக, இரண்டு மணி நேரம் ரயிலிலும் அதற்கு மேல் பேருந்திலும் வந்து அந்தக் காட்டுப் பூங்காவின் வேலிக் கதவின் முன்னால் நின்றிருந்தேன்.

கடிதத்தைத் திருத்தி வாங்கி வரும்வரை நான் அளக்க வந்த பாறையில் ஏறுவதற்கான ஏணி இருந்த கொட்டகையைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கிராமத்துத் தபால் நிலையத்திலிருந்து பேராசிரியருக்குப் போன் செய்தேன். அந்த அம்மாளுக்குப் பைத்தியமா என்று அவர் கத்தினார். ஆனாலும் புதுக் கடிதம் அனுப்பினார். அது வந்துசேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் வேலிக்கு வெளியே நின்றே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்தில் மட்டும் அவர் வந்து என்னைத் தன் சமையலறைக்குக் கூட்டிப்போய் உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார். சமையலறைக்குள் வருவதற்குக் கடிதம் வேண்டியதில்லையாம்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. படித்தார், மடித்து வைத்தார், கொட்டகையைத் திறந்தார். நான் கேட்காமலே அன்று காலையிலிருந்து மாலைவரை ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவரைச் 'சுவர் வீட்டம்மா' என்றே குறிப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சொந்தப் பெயரை அச்சில் போடலாமா என்று அவரைக் கேட்க இனி வழியில்லை. கேட்காமல் போடுவது அவருக்குப் பிடிக்காது.

சுவர் என்று நான் சொல்வது ஒரு பாறை. வடக்கு ஜெர்மனியில், காடு மூடிய ஒரு குன்றின் சரிவில் பழைய கல்குவாரி ஒன்று இருந்தது. கல்லெடுத்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் பெரிய பாறைப் பலகை ஒன்று வெளிப்பட்டது. அதில் டைனோசர்களின் காலடித் தடங்கள். ஒரு காலத்தில் கடலோரச் சேறாகத் தட்டையாகக் கிடந்த இடம் இறுகிக் கல்லாகி, பிறகு பூமி மடிந்தபோது அப்படியே தூக்கி நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் அந்தப் பெரிய மிருகங்கள் பல்லி மாதிரிச் சுவரில் ஏறிப் போனது போலத் தோன்றும். யானைக் கால் அளவுக்கும் மேலே வட்ட வட்டமாகச் சில தடங்கள். அவை தழை தின்னும் நீள்கழுத்து மிருகத்துடையவை. மூன்று விரல் பதிந்த தடங்கள் சில. அவை மாமிசம் தின்னும் மிருகத்துடையவை. மாநில அரசு அந்த இடத்தைச் சிறு பூங்காவாக்கி வேலி போட்டுப் பாதுகாத்தது. வேலிக்குள்ளேயே காவலருக்கு ஒரு சின்ன வீடு.

காவலர் என்று ஏட்டில் இருந்தவர் அவருடைய கணவர். இருபது வருஷம் கல்லுடைத்து, கல்தூசி நெஞ்சில் இறங்கி, படியேறினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்ட மனிதர். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். வேலையெல்லாம் அம்மாதான். வசந்த காலத்தில் மென்மையான தூரிகையால் பாறையின் பாசியைத் தேய்த்து எடுப்பார். குளிர்காலத்துக்கு முன்னால் விரிசல்களின் மேல் தார்ப்பாய் கட்டுவார். வருகிறவர்களுக்குத் தடங்களைக் காட்டுவார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும். கணவரின் பழைய பூட்ஸைக் கம்பளித்துணி திணித்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

அவர் தடம் காட்டுவதைப் பார்த்துப் பலருக்குக் கோபம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகளோடு வந்த ஒருவர், அந்தப் பிராணி என்ன நிறம் என்று கேட்டார். தெரியாது என்றார் அம்மா. எப்படிக் கத்தும் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதுவும் தெரியாது. எவ்வளவு உயரம் என்றதற்கு, பலகையில் எழுதியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளலாம், ஆனால் தனக்குத் தெரியாது என்றார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், உங்களுக்கு என்னதான் தெரியும் என்று அந்த மனிதர் குரலை உயர்த்தினார்.

"நான் பார்த்தது கால் மட்டும்தான். வேண்டுமானால் அதைக் காட்டுகிறேன்."

காட்டினார். ஒரு நீளக் குச்சியால் ஒவ்வொரு தடமாகத் தொட்டுக்கொண்டே போனார். இங்கே வலது கால். இங்கே இடது கால். இங்கே சேறு ஓரத்தில் பிதுங்கியிருக்கிறது. இங்கே ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி குறைகிறது. ஏன் குறைகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆனால் குறைகிறது என்று அவர் சொன்ன விதத்தில் அந்தப் பிள்ளைகள் மூன்றும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டன. அப்புறம் அது எங்கே போயிற்று என்று கடைசிப் பிள்ளை கேட்டபோது, சுவர் இதோடு முடிகிறது என்று சொல்லிக் குச்சியைக் கீழே இறக்கினார்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். நாளைக்கு மழை வருமா என்று கேட்டால், இப்போது மேற்கே மேகம் இருக்கிறது என்பார். கிராமத்தில் யாருக்கு யாரோடு சண்டை, யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்று பேச்சு வந்தால், "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்பார். இல்லை, கேள்விப்பட்டேன் என்றால் எழுந்துபோய்க் கோழிக்குத் தீனி போடுவார். அதனாலேயே அவரோடு பேச வருகிறவர்கள் குறைவு.

இந்தக் குணம் என்னை ஒரு முறை அழவைத்தது. காப்பாற்றியதும் அதே முறைதான்.

கிராமத்தில் ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருந்தேன். கடைக்காரரின் மனைவி வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்லவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாவு பிசையும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கை கழுவும் தொட்டி ஓரத்தில் வைத்திருக்கிறார். மத்தியானம் பார்த்தால் காணவில்லை. வீட்டில் அந்நியர் என்று இருந்தது நான் ஒருத்திதான். மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. போலீஸ்காரர் மரியாதையாகத்தான் வந்தார், என் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். என் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு என்னோடு கிராமத்துக்கு நடந்தார்.

ரொட்டிக் கடையில் அப்போது ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் வரிசையில் நிற்கவில்லை. நேராகக் கடைக்காரர் மனைவியிடம் போனார். மோதிரம் கடைசியாகக் கையில் இருந்தது எப்போது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு.

"செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை இவர் ஏணியில் இருந்தார். ஏணியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்றார் அம்மா.

அப்படியானால் இந்தப் பெண் திருடவே மாட்டாள் என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்களா என்று கடைக்காரர் மனைவி கேட்டார். ஆம் என்ற ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தேன்.

"மற்ற நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

திரும்பி நடக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக என்னோடு இருக்கிறீர்கள், நல்ல பெண் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"நல்ல பெண் என்று நான் சொன்னால், இல்லை என்று சொல்ல இன்னொருவரால் முடியும். நீங்கள் ஏணியில் இருந்ததை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது."

அவர் சொன்னது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. பதினைந்து நாள் கழித்துத் தொட்டியின் கழிவுக்குழாயைக் கழற்றியபோது மோதிரம் உள்ளே இருந்தது. கடைக்காரர் மனைவி ஒரு முழு பிளம் கேக்கைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் அம்மா மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் உடனே போகவில்லை.

அது போனது அவர் கணவரால். ஒரு மத்தியானம், அம்மா கோழிக்கூட்டில் இருந்தபோது, அந்த மனிதர் பட்டாணி உரித்துக்கொண்டே மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கிழக்கிலிருந்து தாயோடு நடந்தே வந்தவர் அவர் மனைவி. அப்போது பதினான்கு வயது. தகப்பனார் போர்முனையில் காணாமல் போயிருந்தார். அகதி முகாமில் யாரோ ஒருவன், அவரை உயிரோடு பார்த்தேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறான். அதை நம்பித் தாயார் பதினோரு வருஷம் ஒவ்வொரு வேளையும் ஒரு தட்டு கூடுதலாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எப்படியோ அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால், தான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டதுதான், அந்த அம்மாளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன் என்றானாம்.

இதைக் கேட்ட பிறகு அம்மாவிடம் நானே ஒருநாள் அந்த நடையைப் பற்றிக் கேட்டேன். என் தாயின் மேல்கோட்டின் முதுகைப் பார்த்தேன் என்றார். எட்டு வாரம் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாராம்.

இரண்டாவது கோடையில் என் ஆராய்ச்சி சூடுபிடித்தது. படம் எடுக்க எசன் நகரத்திலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி வருவார். இயந்திரப் பொறியியல் படிக்க வந்தவர். ஒரு பொங்கல் கூட்டத்தில் அறிமுகம். நல்ல கேமராவும் ஓட்டை கார் ஒன்றும் வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் வந்து, தடங்களின் ஓரத்தில் நான் சாக்பீஸால் கோடு போட, அவர் படம் எடுப்பார். அளவு தெரிவதற்காக அம்மாவைத் தடத்தின் பக்கத்தில் நிற்கச் சொல்வோம். அவர் விறைத்துக்கொண்டு நிற்பார். "அக்கா, இந்த மனுசி ஒருக்காச் சிரிச்சாப் படம் வடிவா வரும். சொல்லிப் பாருங்கோ" என்பார் தம்பி. நான் ஜெர்மனில் சொன்னால், எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அம்மா கேட்பார்.

பதினேழாம் எண் கொடுத்திருந்த தடம்தான் எனக்குப் பொக்கிஷம். அது ஒரு மூன்று விரல் தடம். அதன் நடுவிரல், பக்கத்திலிருந்த வட்டத் தடத்தின் விளிம்பை அழுத்திக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. அதாவது முதலில் தழை தின்னும் மிருகம் போயிருக்கிறது. சேறு காய்வதற்குள் மாமிசம் தின்னும் மிருகம் அதே வழியில் வந்திருக்கிறது. ஒரு வேட்டை. கல்லில் எழுதிய வேட்டை. இதை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என்னை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். வரப்போகும் மாநாட்டில் இதையே பேசுவோம், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்றார்.

நான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். சமையலறை மேசையில் விரித்து விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக, இத்தனை வருஷமாகப் பார்க்கிறீர்களே, இந்த நடுவிரல் எப்போதுமே இவ்வளவு தெளிவாகத்தான் இருந்ததா என்று கேட்டேன். ஜன்னலோரத்தில் கணவர் இருமினார். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அவர் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் பூங்காவுக்குப் போனபோது பதினேழாம் தடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அது நெஞ்சு உயரத்தில் இருந்தது, ஏணி வேண்டாம்.

"அந்த விரலை நீங்கள் எழுதக் கூடாது" என்றார். "அது விரல் இல்லை. சிமெண்ட்."

எனக்குப் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். அவரிடம் போய் அப்படிக் கேட்டேன்.

"யாரும் சொல்லவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்."

சுருக்கமாகச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கடுங்குளிர் காலம். கணவருக்கு அப்போதுதான் மூச்சுத் தொல்லை ஆரம்பித்திருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவரால் ஏறித் தார்ப்பாய் கட்ட முடியவில்லை. விரிசலில் தண்ணீர் இறங்கி உறைந்து, நடுவிரலும் வட்டத் தடத்தின் விளிம்பும் இருந்த துண்டு பெயர்ந்து விழுந்து நொறுங்கிப் போயிற்று. வசந்தத்தில் அவர் நொறுங்கி விழுந்த அதே கல்லை இடித்துப் பொடியாக்கி, சிமெண்டில் கலந்து, நினைவிலிருந்து விரலைச் செய்துவிட்டார். கைதேர்ந்த கல் வேலைக்காரர். அதன் மேல் பாசியும் படர்ந்துவிட்டது. முதலில் அந்த விரல் விளிம்புக்குள் இறங்கியிருந்ததா இல்லையா என்று இப்போது கேட்டால் அவருக்கே தெரியாது.

நான் சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் ஒரு சத்தம், அங்கே ஒரு சத்தம். இரண்டு கோடைக்காலம் அதன் மேல் கை வைத்து அளந்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரும் கேட்கவில்லை" என்றார். பிறகு, "யாரும் கேட்காதது எங்களுக்கு வசதியாக இருந்தது" என்றார்.

இதைச் சொன்னது கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். இங்கே வந்திருப்பது தெரியும், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றார். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். இதை என்ன செய்வாய் என்று என்னைக் கேட்கவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என் அத்தியாயம் போகும், பேராசிரியரின் மாநாடு போகும். அதுகூடப் பரவாயில்லை. நோயாளி மனிதர் குடியிருக்கும் வீடு போகும். சனிக்கிழமை யாழ்ப்பாணத்துத் தம்பி வந்தபோது அவர் காரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தடத்தைப் பற்றி ஒண்டும் எழுதாமல் விடலாம்தானே, அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"ஓம். இப்ப எனக்கும் தெரியும்." ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "நாங்கள் இஞ்ச இருந்து முடிவெடுக்க ஏலாது, அக்கா. அவையின்ட வீடு. போய் அவையிட்டையே கேளுங்கோ. நானும் வாறன்."

போனோம். வீட்டு வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னேன். பதினேழாம் எண்ணை விட்டுவிடுகிறேன். அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். காரணம் எதுவும் எழுத மாட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

"நீங்கள் விட்டால், அடுத்து வருகிறவர் எழுதுவார்" என்றார் அம்மா.

அப்போது சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கணவர் இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. பாறையை நோக்கி நடந்தார். ஐம்பது அடி தூரம்தான் இருக்கும். மூன்று இடத்தில் நின்று நின்று போனார். தம்பி கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தார். பதினேழாம் தடத்தின் முன்னால் நின்று, என்னிடம் கையை நீட்டிச் சாக்பீஸ் கேட்டார். கொடுத்தேன். கண்ணுக்கு ஒரு கோடும் தெரியாத இடத்தில், ஒரு தயக்கமும் இல்லாமல், விரலின் அடியிலிருந்து விளிம்பைச் சுற்றி ஒரே இழுப்பில் கோடு போட்டார்.

"இதுவரை கல்" என்றார். "இதற்கு மேல் நான்."

மூச்சு திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்து, நல்ல வேலைதான், இல்லையா என்று கேட்டார். படித்த பெண் இரண்டு வருஷம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லையே என்ற ஒரு பெருமை அந்த முகத்தில் லேசாக இருந்தது. அம்மாதான் பதில் சொன்னார்.

"நல்ல வேலை" என்றார். "நான் பார்த்தேன்."

என் படத்தில் அந்தச் சாக்பீஸ் கோட்டை அப்படியே புள்ளிக் கோடாக வரைந்துகொண்டேன்.

பேராசிரியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். அது பேசாமல் இருந்ததைவிட மோசமாக இருந்தது. மாநாட்டில் வேறு எதையோ பேசினார்கள். என் ஆய்வேடு முடிய இன்னொரு வருஷம் ஆயிற்று. மெலிந்த ஆய்வேடு. வேட்டை இல்லை, ஓட்டம் இல்லை. நீளம், ஆழம், திசை, இடைவெளி. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாறையில் வேலை செய்தவர்கள் யாரும் அதில் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஊர் திரும்பி நான் வேலை பார்த்த வருஷங்களில் எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பேனாவை வைப்பதற்கு முன்னால், இதில் நான் பார்த்தது எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளாமல் போட்டதில்லை. அந்தப் பழக்கத்தை யாரிடமிருந்து வாங்கினேன் என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அவர்களுக்கு நடந்தது இதுதான். அம்மாவே மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார். இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கணவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். இலை உதிரும் காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துத் தம்பி யாரிடமோ வேன் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு எசனிலிருந்து வந்தார். கட்டில், அடுப்பு, கோழிக்கூடு எல்லாவற்றையும் ஏற்றினோம். அவர்களுக்கு இரண்டு அறை கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ரொட்டிக் கடைக்காரரின் மனைவி. நான் தங்கியிருந்த அறையும் அதற்குப் பக்கத்து அறையும்.

புதிதாகப் போட்ட காவலர் நகரத்திலிருந்து வந்து போவார். வருகிறவர்களுக்கு டைனோசர் மாதிரி உறுமிக் காட்டுவாராம். கூட்டம் நிறைய வந்தது. ஆனால் பாசியை யாரும் தேய்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் தார்ப்பாய் காற்றில் பறந்துபோய், மேல் பகுதியில் இரண்டு தடங்கள் வெடித்துவிட்டன. அது யாருக்கும் தெரியாமலே மூன்று மாதம் கிடந்தது. மாநில அலுவலகம் இப்போது யோசனை கேட்டது என் பேராசிரியரிடம். அவர் என்ன எழுதினார் என்பதை எனக்கே பிற்பாடு துறையில் வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அந்தப் பாறையில் ஏற்பட்ட சேதத்தைத் தானாக முன்வந்து சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள்தான், காவலுக்கு அவரைத் தவிர வேறு யாரையும் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தாராம். இந்த முறை வேலை அம்மாவின் பெயரிலேயே வந்தது. அதே வீடு. வேன் மறுபடியும் எசனிலிருந்து வந்தது. கணவர் அந்த ஜன்னலோரத்தில் இன்னும் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது குளிர்காலத்தின் முடிவில் இறந்துபோனார்.

அந்தச் சிமெண்டை உளியால் கொத்தி எடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்திருந்தார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கொத்தினால் பக்கத்துக் கல்லும் போகும் என்றார். அது உண்மை. அதோடு வேறு காரணம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கடைசியில் சிமெண்ட் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு பலகை மட்டும் வைக்கலாம் என்று ஆயிற்று.

ஆய்வேடு முடிந்தும் சில வருஷம் அங்கேயே வேலை பார்த்த நான், எழுபதுகளின் நடுவில், ஊர் திரும்புவதற்கு முன்னால் விடைபெற ஒருநாள் போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்திருந்தது. அம்மா எனக்குத் தலையசைத்துவிட்டுக் குச்சியோடு சுவர் நெடுகப் போனார். வலது கால், இடது கால், பிதுங்கிய சேறு. பதினேழாம் தடத்துக்கு வந்தார். பலகையில் மூன்று வரி இருந்தது. நடுவிரலும் விளிம்பும் சிமெண்ட், இயற்கை அல்ல. செய்தவர் இன்னார். கணவரின் முழுப் பெயர் இருந்தது.

இதைச் செய்தவர் யார் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

அம்மா குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அவர் எவ்வளவு உயரம், கை எவ்வளவு அகலம், கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் உள்ளே விரிசல் எங்கே ஓடுகிறது என்று எப்படிச் சொல்வார், வேலை செய்யும்போது என்ன மெட்டைச் சீட்டியடிப்பார், எந்த மெட்டில் எப்போதும் தப்புப் பண்ணுவார், சிமெண்ட் காய்வதற்குள் அந்த விரலின் நுனியை எப்படிக் கட்டைவிரலால் வழித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் அசையவில்லை. என் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. கதவருகே நின்று கையசைத்தேன். அவர் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்.